நான்கு டொமைன் பெயர், ஒரே கடை: எதை எங்கே திருப்புவது?

நார்க்கூடை | திங்கள், காலை 9:40

வணக்கம். திருச்சிப் பக்கம் வாழைநார்ப் பை, கூடை, மேசை விரிப்பு செய்து விற்கிறோம். நானும் என் நாத்தனாரும்தான் கடை. கடைப் பெயரில் ஒரு ழ இருக்கிறது. வினையே அதுதான். உண்மைப் பெயரை இங்கே போட விருப்பமில்லை, "வாழை" என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கில எழுத்தில் நாங்கள் இசட்-எச் போடுகிறோம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எல் போடுகிறார்கள். அதை "வலை" என்று வாசித்துவிட்டு, மீன்வலை கிலோ என்ன விலை என்று தொலைபேசியில் கேட்டவரும் உண்டு. இப்படிப் பயந்து பயந்து நான்கு பெயர் வாங்கியாயிற்று:

1. இசட்-எச், டாட் இன். மூன்று ஆண்டுகளாகத் தளம் இதில்தான் ஓடுகிறது.
2. இசட்-எச், டாட் காம்.
3. எல், டாட் இன்.
4. தமிழ் எழுத்திலேயே, டாட் இந்தியா.

தளம் வேர்டுபிரஸில் கட்டியது. பலரோடு பகிர்ந்துகொள்ளும் வாடகைச் சர்வரில் (பகிர்வு ஹோஸ்டிங்) இருக்கிறது, அதை நிர்வகிக்கும் பலகை சிபேனல். நான்கில் எதைத் தட்டினாலும் எங்கள் கடை திறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

எல் பெயரை வாங்கிய இடத்திலேயே "ஃபார்வர்டிங்" என்று ஒன்று இருந்தது. அதில் "மாஸ்கிங்" என்பதையும் டிக் செய்தேன், முகவரி மாறாமல் இருக்கும் என்று எழுதியிருந்ததால். கடை திறக்கிறது. ஆனால் எந்தப் பொருளைத் தொட்டாலும் மேலே முகவரி அசையாமல் முகப்புப் பக்கமாகவே நிற்கிறது. கைபேசியில் பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக நின்றுவிடுகிறது.

டாட் காமுக்கு என் அண்ணன் மகன் ஏ ரெக்கார்டில் எங்கள் ஹோஸ்டிங்கின் ஐபி எண்ணைப் போட்டான். எங்கள் கடை வரவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஏதோ வெற்றுப் பக்கம் வருகிறது. தமிழ்ப் பெயரை இன்னும் தொடவே இல்லை, பயம்.

---

இரவுப்பணியாளர் | திங்கள், காலை 10:15

முதல் வேலையாக அந்த மாஸ்கிங் டிக்கை எடுத்துவிடுங்கள் அக்கா. மற்றதைப் பிறகு பேசலாம்.

மாஸ்கிங் என்பது உங்கள் தளத்தை ஒரு சட்டத்துக்குள் வைத்துக் காட்டுவது. வெளிப்பக்கம் நீங்கள் பெயர் வாங்கிய பதிவாளருடையது, அதன் நடுவே ஒரு சன்னல், சன்னலுக்குள் உங்கள் கடை. மேலே தெரியும் முகவரி வெளிப்பக்கத்தின் முகவரி என்பதால் உள்ளே எங்கே போனாலும் அது மாறாது. ஒருவர் தனக்குப் பிடித்த பையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் தங்கைக்கு அனுப்பினால், தங்கைக்கு முகப்புப் பக்கம்தான் திறக்கும். பணம் கட்டும் பக்கங்கள் பெரும்பாலும் இன்னொரு தளத்தின் சட்டத்துக்குள் திறக்க மறுக்கும். அது அவர்கள் வேண்டுமென்றே வைத்த பூட்டு. வெள்ளைத் திரைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

---

பழைய_மோடம் | திங்கள், பகல் 12:02

அண்ணன் மகனைத் திட்டாதீர்கள் அம்மா. அவன் செய்தது பாதிச் சரி.

ஸ்டோர் வீடுகள் நினைவிருக்கிறதா? தெருவில் ஒரே கதவு எண், உள்ளே பத்துக் குடித்தனம். தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்து வாசல் வரை வந்துவிடுவார். அதற்குமேல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் உரியவர் எழுந்து வருவார். பகிர்வு ஹோஸ்டிங் அப்படித்தான். ஒரே ஐபி எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். ஏ ரெக்கார்டு கதவு எண்ணை மட்டும்தான் சொல்கிறது. வாசலுக்கு வந்த உலாவி "எனக்கு இந்தப் பெயர் வேண்டும்" என்று கூடவே சொல்லும். அதற்கு ஹோஸ்ட் தலைப்பு என்று பெயர். 1997இல் வந்த எச்டிடிபி 1.1 தரம் அதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு பெயருக்கு ஒரு ஐபி என்று வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்துப் பில்கள் இன்னும் என் பரணில் கிடக்கின்றன.

இப்போது உங்கள் சர்வரில் "டாட் காம்" என்று கூப்பிட்டால் எழுந்து வர ஆளில்லை. ஆளில்லாத பெயருக்குச் சர்வர் தன் முதல் பக்கத்தைக் காட்டிவிடும். நீங்கள் பார்த்த வெற்றுப் பக்கம் அதுதான். சிபேனலில் போய் அந்தப் பெயரை உங்கள் குடித்தனத்தின் இன்னொரு பெயராகச் சேர்க்க வேண்டும். பழைய பதிப்புகளில் "பார்க்டு டொமைன்" என்றும் பிறகு "ஏலியாஸ்" என்றும் இருக்கும். புதிய பதிப்பில் "டொமைன்ஸ்" பக்கத்தில் புதுப் பெயரைச் சேர்க்கும்போது, முதன்மைத் தளத்தின் கோப்புறையையே பகிர்ந்துகொள்ளவா என்று ஒரு டிக் வரும். சொந்த சர்வர் வைத்திருப்போர் அப்பாச்சியில் சர்வர்ஏலியாஸ் என்ற வரியிலும், என்ஜின்எக்ஸில் சர்வர்நேம் வரியிலும் பெயர்களை அடுக்குவார்கள். வேலை ஒன்றுதான்.

---

தேடல்தாசன் | திங்கள், பகல் 12:40

பழைய மோடம் ஐயா சொன்னபடி நான்கையும் ஏலியாஸாகச் சேர்த்துவிட்டு அப்படியே விடுங்கள். திருப்பி அனுப்பத் தேவையில்லை. நான்கு பெயரிலும் தளம் தனித்தனியாக உயிரோடு இருந்தால் கூகுளில் நான்கு இடம் கிடைக்கும். நான்கு வலை போட்டால் ஒன்றிலாவது மீன் விழாதா? உங்கள் கடைக்கே "வலை" என்று பெயர் வந்துவிட்டதே.

---

இரவுப்பணியாளர் | திங்கள், பகல் 1:05

தேடல்தாசன், நகைச்சுவை நன்றாக இருக்கிறது. யோசனை நன்றாக இல்லை.

ஒரே பக்கம் நான்கு முகவரியில் இருந்தால் கூகுள் நான்கையும் பட்டியலில் காட்டாது. நான்கும் ஒன்றுதான் என்று கண்டுகொண்டு, தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளும். அது எல் எழுத்துப் பெயராக இருந்தால் என்ன செய்வீர்கள்? வெளியிலிருந்து வரும் இணைப்புகளும் நான்காகச் சிதறும். இதற்காகவே 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து "கேனானிகல்" என்ற குறியைக் கொண்டுவந்தன: இந்தப் பக்கத்தின் அசல் முகவரி இது என்று பக்கத்துக்குள்ளேயே எழுதி வைப்பது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டளை இல்லை. மேலும் அது தேடுபொறிக்குத்தான் உதவும், வாடிக்கையாளருக்கு இல்லை.

வாடிக்கையாளரை மறந்துவிடாதீர்கள். குக்கீ (வந்தவரை அடையாளம் காண உலாவி வைத்திருக்கும் சிறு குறிப்பு) ஒரு டொமைனிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது. டாட் காமில் மூன்று பையைக் கூடையில் போட்டவர், மாலையில் டாட் இன்னுக்கு வந்தால் கூடை காலியாக இருக்கும். "என் பைகளை யார் எடுத்தது" என்று அக்காவுக்குத்தான் தொலைபேசி வரும்.

கடைக்கு வாசல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், கல்லாப்பெட்டி ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரு பெயரை முதன்மையாக்கி, மற்ற மூன்றும் 301, அதாவது "நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம்" என்ற குறி சொல்லி அங்கே அனுப்பிவிட வேண்டும்.

---

தேடல்தாசன் | திங்கள், பகல் 1:30

எனக்குத் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஒரு பெயர் என்று பன்னிரண்டு டொமைன் வைத்து நன்றாகச் சம்பாதித்தார்.

---

இரவுப்பணியாளர் | திங்கள், பகல் 1:38

சம்பாதித்தார் என்கிறீர்கள். இப்போது?

---

தேடல்தாசன் | திங்கள், பகல் 1:52

இப்போது சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறார். சரி, ஒப்புக்கொள்கிறேன். சற்றே வேறுபட்ட பெயர்களில் பல தளம் வைத்து எல்லோரையும் ஒரே இடத்துக்குத் தள்ளுவதைக் கூகுள் தன் விதிகளில் மோசடி வகையிலேயே சேர்த்திருக்கிறது. அவர் அதில்தான் மாட்டினார்.

---

நார்க்கூடை | திங்கள், மாலை 4:20

எல்லோருக்கும் நன்றி. மாஸ்கிங்கை எடுத்துவிட்டேன். உடனே இரண்டு சந்தேகம். முதன்மைப் பெயர் எது? அப்புறம், 301, 302 என்று இரண்டு இருக்கிறதே, எதைத் தேர்வு செய்வது?

---

காவிரிக்கரை | திங்கள், மாலை 5:10

முதன்மைப் பெயரைத் தொடாதீர்கள், மூன்று ஆண்டாக ஓடுகிற டாட் இன்னே இருக்கட்டும். நாட்டுக் குறியீட்டுப் பெயரைத் தேடுபொறி அந்த நாட்டுக்கான தளம் என்று எடுத்துக்கொள்ளும். உங்களிடம் வாங்குபவர்கள் இந்தியாவில் இருந்தால் அது நன்மையே. வெளிநாட்டு ஏற்றுமதிதான் பிரதானம் என்றால் மட்டும் டாட் காமை யோசிக்கலாம்.

முதன்மைப் பெயரை மாற்றிய பெரிய தளங்களும் உண்டு. விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியபோது டாட் காமில்தான் இருந்தது. அடுத்த ஆண்டு டாட் ஆர்குக்கு மாறியது, விளம்பரம் வருமோ என்ற சந்தேகத்தில் ஸ்பானியப் பங்களிப்பாளர்கள் பிரிந்து போன பிறகு. இன்றும் டாட் காம் என்று தட்டினால் டாட் ஆர்குக்குக் கொண்டுபோய் விடுகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் பழைய வாசலை அவர்கள் மூடவில்லை, அதைக் கவனியுங்கள்.

---

இரவுப்பணியாளர் | திங்கள், மாலை 5:45

301 என்றால் நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டோம், இனி அங்கேயே வாருங்கள். 302 என்றால் தற்காலிகம், நாளைக்கும் முதலில் இங்கே வந்து கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது 301.

ஆனால் முதல் நாளே 301 போடாதீர்கள். உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான முகவரிக்கு 301 போட்டுவிட்டு நீங்கள் திருத்தினாலும், அதற்குள் வந்து போனவர்களின் உலாவி உங்கள் சர்வரைக் கேட்காமலே தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். இரண்டு நாள் 302இல் விட்டுச் சோதித்து, சரி என்று தெரிந்தபின் 301 ஆக்குங்கள். நான் சொல்லிக்கொடுத்த எவரும் இதை முதல் தடவை கேட்டதில்லை.

இன்னொன்று, பாதையை இழக்காதீர்கள். எல் பெயரில் "கூடை" பக்கத்துக்கு வந்தவரை முதன்மைப் பெயரின் "கூடை" பக்கத்துக்கே அனுப்ப வேண்டும், முகப்புக்கு அல்ல. கேள்விக்குறிக்குப் பின்னால் வால் போல ஒட்டிக்கொண்டு வருவதும் கூடவே போக வேண்டும். ஏலியாஸாகச் சேர்த்தபின், எச்டிஆக்சஸ் கோப்பில் (சர்வருக்கான விதிகளை எழுதி வைக்கும் கோப்பு) எழுத வேண்டிய விதியின் பொருள் இவ்வளவுதான்: வந்த ஹோஸ்ட் பெயர் முதன்மைப் பெயர் அல்ல என்றால், அதே பாதையோடு எச்டிடிபிஎஸ் முதன்மைப் பெயருக்கு 301. ஒரே விதி மூன்று பெயருக்கும் போதும். வேர்டுபிரஸ் எழுதி வைத்திருக்கும் வரிகளுக்கு மேலே இதை வையுங்கள், கீழே வைத்தால் வேலை செய்யாது.

---

புதுக்கணக்கு | திங்கள், மாலை 6:30

வேர்டுபிரஸ் தானாகவே முதன்மை முகவரிக்கு அனுப்பிவிடுமே? என் தளத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

---

இரவுப்பணியாளர் | திங்கள், மாலை 6:41

பக்கங்களை அனுப்பும். படக் கோப்புகளை வேர்டுபிரஸ் தொடுவதே இல்லை, சர்வர் நேராகக் கொடுத்துவிடும். பையின் படங்கள் நான்கு பெயரிலும் உலவும். மேலும் ஒவ்வொரு திருப்பலுக்கும் வேர்டுபிரஸ் முழுவதும் எழுந்து உட்கார வேண்டும். வாசற்காரர் செய்கிற வேலைக்கு முதலாளியை எழுப்புவானேன்?

---

பழைய_மோடம் | திங்கள், இரவு 8:15

சான்றிதழைப் பற்றி யாரும் பேசவில்லையே.

திருப்பி அனுப்பும் பெயர்தானே, அதற்கு எதற்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் (இந்தப் பெயர் இந்தச் சர்வருக்கு உரியதே என்ற அத்தாட்சி) என்று பலர் நினைக்கிறார்கள். உலாவி எச்டிடிபிஎஸ் வழியாக வந்தால் முதலில் சான்றிதழைப் பார்க்கும், அது சரியாக இருந்தால்தான் பேச்சே தொடங்கும். "அங்கே போ" என்று நீங்கள் சொல்வது அதற்குப் பிறகுதான். எல் பெயருக்குச் சான்றிதழ் இல்லையென்றால், வாடிக்கையாளர் பார்ப்பது சிவப்பு எச்சரிக்கையை மட்டுமே. முன்பெல்லாம் கையால் தட்டிய முகவரி பூட்டில்லாத எச்டிடிபியில் போகும், அதனால் இந்தக் குறை மறைந்திருந்தது. 2021இல் வந்த குரோம் 90 முதல், தட்டிய முகவரியை உலாவி எச்டிடிபிஎஸ்ஸில்தான் முதலில் தேடுகிறது. பதிவாளர்களின் இலவச ஃபார்வர்டிங் பலவற்றில் சான்றிதழ் கிடையாது. அதனால்தான் ஏலியாஸ் வழியே நல்லது என்கிறேன்.

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், ஒரே சான்றிதழில் 100 பெயர் வரை சேர்க்கலாம். அதிலே எனக்கு விழுந்த அடியைச் சொல்கிறேன். உறவினர் ஒருவரின் அச்சகத்துக்கு ஆறு பெயரை ஒரே சான்றிதழில் கோர்த்துக் கொடுத்தேன். ஒன்றரை ஆண்டு கழித்து, பயன்படாத ஒரு பெயருக்குப் பணம் கட்டாமல் விட்டுவிட்டார்கள், எனக்கும் சொல்லவில்லை. சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் நிரல் ஆறு பெயரையும் சரிபார்க்கப் போனது, ஒன்று கிடைக்கவில்லை, மொத்தப் புதுப்பிப்பையும் கைவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உயிரோடு இருந்த ஐந்து பெயரும் சேர்ந்து எச்சரிக்கை காட்டின. கல்யாணப் பத்திரிகை சீசன் வேறு. அன்று நான் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத நிர்வாகி அனுமதிக்க மாட்டார்.

அதிலிருந்து முதன்மைப் பெயருக்குத் தனிச் சான்றிதழ், மற்றவற்றுக்கு இன்னொன்று. இன்னும் கவனமாக இருக்க வேண்டும், சான்றிதழின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச்சிலிருந்து அதிகபட்சம் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பிக்கிற காலம் முடிந்தது.

---

வடமராட்சி | திங்கள், இரவு 9:30

ழ பிரச்சினைக்கு எங்கள் பக்கத்திலிருந்து இன்னொரு எழுத்துக்கூட்டலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. நாங்கள் யாழ் என்பதை ஆங்கிலத்தில் ஆர்-எல் போட்டும் எழுதுவோம். யாழ்ப்பாணத்துக் கடைப் பெயர்ப் பலகைகளில் அப்படியே பார்க்கலாம். யாழ்ப்பாணம் என்று முழுதாக எழுதும்போது எல் மட்டும் போடுவோரும் உண்டு. இசட்-எச் எங்களுக்குப் பழக்கம் குறைவு. உங்கள் பையை இங்கிருந்து தேடுகிறவர் எதைத் தட்டுவார் என்று எனக்கே தெரியவில்லை.

---

காவிரிக்கரை | திங்கள், இரவு 9:44

நம் மொழியின் பெயரையே உலகம் எல் போட்டுத்தான் எழுதுகிறது. அப்புறம் வாடிக்கையாளரைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் ஒலி ஒன்றாக இருக்கும் பெயரைக் கைவசம் வைத்திருப்பது வீண்செலவு இல்லை. அமெரிக்காவில் ஓஹாயோவில் குழாய் செய்யும் இயந்திரங்கள் விற்கும் ஒரு நிறுவனம், யூட்யூப் பிறப்பதற்குப் பல ஆண்டு முன்பே "யூ" என்ற ஒற்றை எழுத்தோடு ட்யூப் சேர்த்து டொமைன் வாங்கி வைத்திருந்தது. யூட்யூப் புகழ்பெற்றதும் அதைத் தேடியவர்கள் இலட்சக்கணக்கில் குழாய்க் கடைக்குள் நுழைந்து, சர்வரே படுத்துவிட்டது. 2006இல் அவர்கள் யூட்யூப் மீது வழக்கே போட்டார்கள். காதில் கேட்டதைத்தான் மக்கள் தட்டுவார்கள்.

---

புதுக்கணக்கு | செவ்வாய், காலை 8:20

அப்படியென்றால் இசட்-எச், எல், ஆர்-எல், இசட் மட்டும், ஒரு ஏ, இரண்டு ஏ, இதற்கு டாட் இன், டாட் காம்... பெருக்கிப் பார்த்தேன், இருபதைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு ஆண்டு இருபது பெயருக்குப் பணம் கட்டினால் வாழைநாரில் வரும் இலாபம் டொமைனிலேயே போய்விடும் சகோதரி. எங்காவது நிறுத்துங்கள்.

---

இரவுப்பணியாளர் | செவ்வாய், காலை 9:00

நிறுத்துவதற்கு ஒரு வழி: எந்தத் தவறான பெயரில் உண்மையாகவே ஆள் வருகிறார்கள் என்று பார்ப்பது. திருப்பி அனுப்பும் பெயர்களின் பதிவுக் கோப்பை ஆறு மாதம் கவனியுங்கள். ஒரு பெயரில் மனிதர் யாரும் வரவில்லை, தானியங்கி நிரல்கள் மட்டுமே வருகின்றன என்றால், அதை எங்கும் அச்சடிக்கவும் இல்லை என்றால், விட்டுவிடலாம்.

அச்சடித்த பெயரை மட்டும் விடாதீர்கள். எப்போதுமே.

---

வடமராட்சி | செவ்வாய், காலை 9:25

அதற்கு நான் சாட்சி. எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு டொமைன் இருந்தது. புதிய பெயருக்கு மாறினோம், பழையது ஓராண்டு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு எதற்கு வீண் காசு என்று புதுப்பிக்காமல் விட்டோம். சில மாதத்தில் யாரோ எடுத்துச் சூதாட்டத் தளம் போட்டுவிட்டார்கள். நூற்றாண்டு மலரின் பின்னட்டையில் அந்தப் பழைய முகவரி கொட்டை எழுத்தில் இருக்கிறது. மலரைத் தொகுத்த எங்கள் பழைய அதிபர், என்னைக் கண்டால் இப்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்.

காலாவதியான டாட் காம் பெயரை மீட்க இடைவெளி உண்டு. பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்கலாம். அதன்பின் 30 நாள் தண்டப் பணத்தோடு மீட்கலாம். அடுத்த 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். நாங்கள் விழித்தது அதற்கும் பின்னால்.

---

நார்க்கூடை | செவ்வாய், பகல் 2:10

படிக்கப் படிக்கப் பயம் கூடுகிறது, ஆனால் புரிகிறது. இதுவரை செய்தது: டாட் காமையும் எல் பெயரையும் சிபேனலில் சேர்த்தாயிற்று, சான்றிதழ் தானாகவே வந்துவிட்டது. விதி 302இல் ஓடுகிறது. கைபேசியில் எல் பெயரில் போய் ஒரு சின்னக் கூடையை நானே வாங்கிப் பார்த்தேன், பணம் போனது. எங்கள் பணம் எங்களுக்கே வந்து சேர மூன்று நாள் ஆகுமாம்.

இப்போது தமிழ்ப் பெயர். சிபேனலில் தமிழில் தட்டினால் ஏற்கவில்லை.

---

பழைய_மோடம் | செவ்வாய், மாலை 4:00

பெயரை ஐபி எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் உலகத்துக்குத் தமிழ் தெரியாது அம்மா. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும்தான். தமிழ்ப் பெயரை "ப்யூனிகோடு" என்ற முறையில் ஆங்கில எழுத்தாக மாற்றி வைத்திருப்பார்கள். எக்ஸ்-என் என்று தொடங்கி, இரண்டு சிறுகோடு, பிறகு வாய்க்குள் நுழையாத எழுத்துக் கோவை. 2003இல் வந்த தரம். பெயர் வாங்கிய இடத்தின் கணக்குப் பக்கத்தில் இந்த வடிவமும் இருக்கும். அதை அப்படியே படியெடுத்துச் சிபேனலிலும், சான்றிதழ் கேட்கும் இடத்திலும், விதியிலும் இடுங்கள். புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் "இந்தியா"வுக்கும் இதே கதைதான், அதையும் சேர்த்தே எடுங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதினால் ழ குழப்பம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். வேறு குழப்பம் வரும். "வாழைநார்ப்பை" என்று வாங்கினீர்களா, ஒற்று இல்லாமல் "வாழைநார்பை" என்றா? வலி மிகுமா மிகாதா என்று இலக்கண வகுப்பு நடத்திவிட்டா வாடிக்கையாளர் கடைக்கு வருவார்? ஔகாரம் உள்ள பெயர் இன்னும் மோசம். ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ, ள என இரண்டைத் தட்டுவோர் ஏராளம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், டிஎன்எஸ்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்.

---

நார்க்கூடை | செவ்வாய், மாலை 4:35

ஐயா, ஒற்றோடுதான் வாங்கியிருக்கிறேன். நாத்தனார் தமிழாசிரியை. விட்டிருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

---

காவிரிக்கரை | செவ்வாய், மாலை 5:20

தமிழ்ப் பெயரை முதன்மையாக வைக்காமல் வாசலாக மட்டும் வைப்பதில் எனக்கு மனவருத்தம் உண்டு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று மூன்று நாட்டிலிருந்து நமக்குத் தமிழ் முடிவெழுத்து கிடைத்திருக்கிறது. எல்லோருமே அதைத் திருப்பி அனுப்பும் பெயராகவே வைத்திருந்தால் அது எப்போதுதான் முகப்புக்கு வருவது?

---

இரவுப்பணியாளர் | செவ்வாய், மாலை 5:50

வருத்தம் நியாயம்தான். ஆனால் குரோமில் அந்த முகவரியைப் படியெடுத்து மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள், எக்ஸ்-என் கோவையாகத்தான் விழும். பெறுகிறவர் வைரஸ் இணைப்பு என்று நினைப்பார். மின்னஞ்சல் முகவரி கேட்கும் படிவங்களில் பாதி அதை ஏற்காது. பையில் தொங்கும் அட்டையில் தமிழ்ப் பெயரை அச்சடிக்கலாம், அழகாக இருக்கும், ஆசிரியைக்கும் நிறைவு. கல்லாப்பெட்டியை மட்டும் அங்கே வைக்க வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது மின்னஞ்சல். 301 வலைப்பக்கத்துக்கு மட்டும்தான். எல் பெயருக்கு யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் அதைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. ஆர்டர் மின்னஞ்சலில் வருமா அக்கா?

---

நார்க்கூடை | செவ்வாய், மாலை 6:30

மொத்த ஆர்டர் எல்லாம் மின்னஞ்சலில்தான். ஐயோ.

---

இரவுப்பணியாளர் | செவ்வாய், மாலை 6:45

அப்படியென்றால் எல் பெயருக்கும் எம்எக்ஸ் ரெக்கார்டு (மின்னஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) வைத்து, அங்கே வருவதெல்லாம் உங்கள் பெட்டிக்கே விழும்படி செய்யுங்கள். தமிழ்ப் பெயரில் யாரும் மின்னஞ்சல் அனுப்பப் போவதில்லை. அதில் மின்னஞ்சலை ஏற்பதில்லை என்று சொல்லும் "வெற்று எம்எக்ஸ்" போட்டு, அந்தப் பெயரில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியில் யாருக்கும் அனுமதி இல்லை என்று எழுதி, மீறி வருவதை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கில் நிராகரி என்று வையுங்கள். சும்மா கிடக்கும் பெயரின் பேரில் மோசடி மின்னஞ்சல் அனுப்புவது எளிது, அதைத் தடுக்கத்தான்.

பணம் வசூலிக்கும் சேவையின் கணக்கிலும் பாருங்கள். பணம் வந்தது என்ற செய்தியைச் சர்வருக்குச் சொல்லும் முகவரி முதன்மைப் பெயரில்தான் இருக்கிறதா? அது திருப்பப்படும் பெயரில் இருந்தால், 301இல் போகும்போது அனுப்பிய விவரம் உதிர்ந்துபோகலாம். பணம் வரும், ஆர்டர் பதிவாகாது.

---

புதுக்கணக்கு | செவ்வாய், இரவு 7:15

சின்னக் கேள்வி. ஏ ரெக்கார்டுக்குப் பதில் சிநேம் (ஐபி எண்ணுக்குப் பதில் இன்னொரு பெயரைக் காட்டும் பதிவு) போட்டால் ஐபி மாறும்போது நான்கு இடத்தில் திருத்த வேண்டாமே?

---

பழைய_மோடம் | செவ்வாய், இரவு 7:40

மூன்று டபிள்யூவுக்குப் போடலாம். வெறும் பெயருக்குப் போடக்கூடாது. சிநேம் இருக்கும் இடத்தில் வேறு ரெக்கார்டு இருக்கக்கூடாது என்பது 1987ஆம் ஆண்டு விதி. வெறும் பெயரில் என்எஸ், எஸ்ஓஏ என்ற நிர்வாகப் பதிவுகள் இரண்டும் கட்டாயம் இருக்கும். சில டிஎன்எஸ் சேவைகள் ஏலியாஸ், ஏநேம் என்றெல்லாம் பெயர் வைத்து இதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. கிளவுட்ஃப்ளேர் சிநேமையே ஐபி எண்ணாக விரித்துக் கொடுத்துவிடும். அது இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

---

இரவுப்பணியாளர் | செவ்வாய், இரவு 8:05

அக்கா, 301க்கு மாற்றும் முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். நான்கு பெயர். ஒவ்வொன்றும் மூன்று டபிள்யூவோடும் இல்லாமலும். ஒவ்வொன்றும் எச்டிடிபியிலும் எச்டிடிபிஎஸ்ஸிலும். மொத்தம் 16 கட்டம். முகப்பைத் தட்டிப் பார்ப்பது போதாது, ஏதாவது ஒரு பொருளின் பக்கத்தைத் தட்டுங்கள். பதினாறில் ஒன்று முதன்மை முகவரி, அது அப்படியே நிற்க வேண்டும். மீதிப் பதினைந்தும் அங்கே வந்து சேர வேண்டும், முடிந்தால் ஒரே பாய்ச்சலில். உங்கள் உலாவி பழையதை நினைவில் வைத்திருக்கும், மறைநிலைச் சாளரத்தில் பாருங்கள்.

---

நார்க்கூடை | வெள்ளி, காலை 11:00

கட்டம் போட்டோம். நாத்தனார் விடைத்தாள் திருத்துவதுபோலச் சிவப்புப் பேனாவில் டிக் போட்டார். பதினாறும் சரி. நேற்று இரவு 301க்கு மாற்றிவிட்டேன். பணம் வசூலிக்கும் கணக்கில் பார்த்தால் அந்த முகவரி எல் பெயரில்தான் இருந்தது, எப்போது யார் மாற்றினார்களோ. திருத்திவிட்டேன். நேற்றுவரை மூன்று ஆர்டர் பணம் வந்தும் பதிவாகாமல் கிடந்தது, இன்று காலை எழுதி அனுப்பிவிட்டோம்.

எல் பெயருக்கு எம்எக்ஸ் வைத்த மறுநாளே ஒரு மின்னஞ்சல் விழுந்தது. கோயம்புத்தூரிலிருந்து, நாற்பது பை, "போன மாதம் இரண்டு முறை எழுதினேன், பதிலே இல்லை" என்று.

---

பழைய_மோடம் | வெள்ளி, காலை 11:25

நாற்பது பை! நான்கு பெயருக்கும் இந்த ஆண்டுப் பணம் வந்துவிட்டது.

---

வடமராட்சி | வெள்ளி, பகல் 12:10

அக்கா, இங்கிருந்து நான் தட்டிப் பார்த்தேன். டாட் காம், எல், தமிழ் மூன்றும் வருகின்றன. தமிழ்ப் பெயருக்கு முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்தால் மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை. நீங்கள் பார்த்தபோது வந்ததா?

---

நார்க்கூடை | வெள்ளி, பகல் 12:32

நாத்தனாரிடம் கேட்டேன். தமிழ்ப் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் மூன்று டபிள்யூ போடுவது அவருக்கு ஒப்பவில்லையாம். அந்த இரண்டு கட்டத்துக்கும் பார்க்காமலே டிக் போட்டிருக்கிறார். இப்போது சிபேனலைத் திறந்துகொண்டிருக்கிறேன்.